யாரும் உட்காராத ஹால்

வீட்டு உள்அலங்கார வேலை பழக என்னிடம் வந்திருக்கிற உங்களில் ஒரு பெண் போன வாரம் வந்து, "மேடம், வீட்டுக்காரங்களுக்கே தங்களுக்கு என்ன பிடிக்கும்னு தெரியலைன்னா நாம என்னதான் பண்றது?" என்று கேட்டாள். அழாத குறை. படத்துக்கு மேல் படமாகப் போட்டுக் காட்டியிருக்கிறாள். எல்லாமே நன்றாக இருக்கிறது என்றார்களாம். எதையும் செய்யச் சொல்லவில்லையாம். முதலில் போய்ச் சாப்பிடு என்று அவளை அனுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிற வித்தை எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஓர் அக்கா தங்கையின் கதை.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைத் தேரடித் தெருப் பக்கம் ஒரு கர்ட்டன் கடையில் தையல் வேலைக்குச் சேர்ந்தேன். ஜன்னல் திரை, மெத்தை உறை, சோபா உறை, கால்மிதி என்று வீட்டுக்குள் போடுகிற துணியெல்லாம் அங்கே கிடைக்கும். அளவெடுக்கப் போகிற ஆண்களைப் படுக்கையறைக்குள் விட அப்போதெல்லாம் பல வீடுகளில் யோசிப்பார்கள். அதனால் எங்கள் முதலாளி ஒருநாள் டேப்பை என் கையில் கொடுத்து, "இனிமே நீ போம்மா" என்றார். அன்றிலிருந்துதான் ஊர் வீடுகளின் உட்புறம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கூடவே ஒன்றும் சொல்லி அனுப்பினார். "ஒரு வீட்டுக்குள்ள நாலு பேர் நாலு மாதிரி பேசுவாங்க. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போகாதே. நாம எடுத்துட்டுப் போறது துணி மட்டும்தான்." அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நான் அங்கே இருந்தவரை தொழிலைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் யாரும் எனக்கு இது பிடிக்கும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அந்த வக்கீல் வீட்டுல போட்டிருக்கிற மாதிரி போட்டுடு" என்பார்கள். வக்கீல் வீட்டில் கேட்டால் வேலூரில் இருக்கிற மச்சான் வீட்டைச் சொல்வார்கள். ஒரு சுவர் முழுக்க அருவிப் படம், கண்ணாடி ஷோகேஸில் பொம்மைகள், ரெக்ஸின் சோபா. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதே அருவி கொட்டிக்கொண்டிருக்கும். நானும் அதற்குப் பொருத்தமாகப் பூப்போட்ட திரையைத் தைத்து மாட்டிவிட்டு வருவேன். அப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் சுலோச்சனா டீச்சர் கடைக்கு வந்தார்.

டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார். ஊரில் பாதிப் பெண்கள் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். தங்கை வசந்தா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் இறந்த பிறகும் மாட வீதியில் அவர் எடுத்த வாடகை வீட்டிலேயே இவர்கள் இருந்தார்கள். இப்போது ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டி முடியும் நிலையில் இருந்தது. ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை, பின்பக்கம் ஒரு சின்ன வராந்தா.

முதலில் அந்த வாடகை வீட்டுக்குத்தான் போனேன். சுவரெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. ஜன்னலுக்குத் திரை கிடையாது. ஆள் உயரக் கண்ணாடி பதித்த கறுப்புத் தேக்கு அலமாரி, ஒரு வட்ட மேஜை, நடு ஹாலில் அப்பாவின் சாய்வு நாற்காலி. அதன் கைகள் ஆளை மீறி நீண்டிருந்தன. ஹாலில் நடக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அக்காவும் தங்கையும் சுற்றிக்கொண்டே போனார்கள், வந்தார்கள்.

"இங்க எப்படி இருக்குதோ அங்கேயும் அப்படியே இருந்தா போதும்" என்றார் டீச்சர். "வெள்ளைச் சுவர். இந்தச் சாமான் எல்லாம் அப்படியே வந்துடும். ஜன்னலுக்கு மட்டும் ஏதாவது போடணும், தெருவுல போறவங்க எட்டிப் பாக்கறாங்க."

நான் அளவை எழுதிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த வசந்தாக்கா, "எனக்குக் கலர் வேணும்" என்றார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "என்னது?"

"சுவருக்குக் கலர் வேணும்க்கா. வெள்ளை வேணாம்."

"எப்பத்திலிருந்து இது?"

"எப்பவுமேதான்."

"அப்ப இத்தினி வருஷமா இந்த வீடு உனக்குப் பிடிக்கவே இல்லியா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு."

குரலை உயர்த்தாமலே பேசிக்கொண்டார்கள். கடைசியில் டீச்சர், "சரி. ஹால் உன்னுது. உனக்கு என்ன கலர் வேணுமோ போட்டுக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். ஒன்றும் சொல்லமாட்டேன் என்று டீச்சர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் படித்த எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்து என்னை வழியனுப்பும்போது வசந்தாக்கா சொன்னார். வேலூர் எக்ஸ்சேஞ்சில் இடம் காலியாம். கேட்டால் கொடுப்பார்களாம். கார்த்திகைத் தீபம் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டுமாம். "போயிடலாமான்னு இருக்குது மல்லிகா. இந்த வயசுல ஒரு சுவருக்குக் கலர் கேட்கவே இவ்ளோ பயமா இருக்குதுன்னா, நான் எங்கதான் இருக்கிறேன்னே தெரியலை." அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பிரிந்து ஒருநாள்கூட இருந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

வசந்தாக்கா பெயிண்ட் கடை அட்டையில் கிளிப்பச்சையைத் தேர்ந்தெடுத்தார். அட்டையில் அது கட்டைவிரல் அகலம். அந்த அகலத்தில் எந்த நிறமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு சுவரில் ஒரு முழம் அடித்துக் காட்டச் சொன்னேன். பெயிண்டர் கோவிந்தன் அடித்துக் காட்டினார். அன்று நல்ல வெயில். பச்சை பளிச்சென்று இருந்தது. வசந்தாக்கா கைதட்டாத குறையாக, "இதேதான்" என்றார். சரி என்று நாலு சுவருக்கும் அடித்தாயிற்று.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெயிலில் பார்த்த நிறம் வேறு, மழை இருட்டில் நாலு பக்கமும் சூழ்ந்துகொண்ட நிறம் வேறு. ஹாலுக்குள் நுழைந்தால் பாசி பிடித்த கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. உள்ளே நிற்பவர்களின் முகமெல்லாம் காமாலை கண்டவர்கள் மாதிரி தெரிந்தது. கோவிந்தன் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "இன்னாம்மா, வேப்பந்தோப்புல குந்திக்கினு இருக்கிற மாதிரி இல்ல?" என்றார். நான் அவரை அடக்குவதற்குள் அக்காவும் தங்கையும் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

டீச்சர் நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"நல்லா இருக்குது இல்ல?" என்றார் வசந்தாக்கா. அப்போது அவர் சுவரைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒரு பொருள் உண்மையிலேயே பிடித்திருந்தால் மனிதர்கள் அந்தப் பொருளைப் பார்ப்பார்கள், தொட்டும் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அன்று எனக்கு அது லேசாகத் தட்டுப்பட்டது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். இரண்டு கட்டில், ஸ்டவ், சமையல் பாத்திரம், மாற்றுத் துணி, இவ்வளவுதான் முதல் நடையில் வந்தது. பெரிய சாமான்களை மறுவாரம் மாட்டு வண்டி வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். ஆனால் மழையில் அந்த வாரம் வண்டி கிடைக்கவில்லை. அதற்குள் தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. மாட வீதியில் தட்டி கட்டி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காலையும் மாலையும் சாமி புறப்பாடு, நடக்கவே இடமில்லாத கூட்டம். அலமாரியும் மேஜையும் நாற்காலியும் பழைய வீட்டிலேயே பூட்டிக் கிடந்தன. புது வீட்டில் அக்காவும் தங்கையும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் குடியிருந்தார்கள்.

ஹாலுக்கு வாங்கிய துணியை எடுத்துக்கொண்டு ஒருநாள் சாயங்காலம் போனேன். கதவு திறந்திருந்தது. ஹாலில் யாருமில்லை. "டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனால், இருவரும் பின்வராந்தாவில் தரையில் உட்கார்ந்து தட்டில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே மலை. மழை விட்ட நேரம். வசந்தாக்கா காலை நீட்டிப் படியில் வைத்திருந்தார். டீச்சர் சுவரில் சாய்ந்திருந்தார். அவர் எதிலாவது சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஹால்ல உக்காரலியா?" என்று கேட்டேன்.

"அங்க கொசு" என்றார் டீச்சர்.

"இங்க காத்து வருது" என்றார் வசந்தாக்கா.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன.

சாப்பிட்ட தட்டைக் கழுவப் போன வசந்தாக்காவுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றப் போனேன். அவர் குழாயடியில் குனிந்துகொண்டே சொன்னார்: "கண்ணை மூடினாக்கூடப் பச்சையாத் தெரியுது மல்லிகா. எப்படித்தான் இதை எடுத்தேனோ. ஆனா அக்கா நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா. வாழ்க்கையில முதல்தரமா என் இஷ்டத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கா. எந்த மூஞ்சியை வெச்சிக்கினு மாத்தணும்னு சொல்றது? நீ சொல்லிடாதே."

திரும்பி வந்து ஹாலில் ஜன்னல் கம்பிக்குக் கொக்கி பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினார்: "எனக்கு இதுக்குள்ள வந்தாலே தலை சுத்துது. ஆனா அவ வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். கேட்டாத்தானே சொல்றதுக்குன்னாளே, அன்னிலிருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்லை. அவளுக்குப் பிடிச்சிருக்குது, இருந்துட்டுப் போகட்டும். நீ சொல்லிடாதே."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரு நிறத்தை, இன்னொருத்திக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக இரண்டு பேரும் ஆயுள் முழுக்கப் பொறுத்துக்கொள்ளப் போகிறார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும். ஆனால் இரண்டு பேருமே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி சொன்னதும் இருக்கிறது. இவள் சொன்னாள் என்று நான் போட்டு உடைத்தால் அன்றைக்குப் பச்சை போய்விடும், ஆனால் அப்புறம் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதையெல்லாம் என் வழியாகவே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதே சமயம் பேசாமல் கர்ட்டனைத் தைத்து மாட்டிவிட்டு வந்தால், அந்த ஹால் முடிந்துபோன வேலை ஆகிவிடும். திரை மாட்டிய அறையை யாரும் அவ்வளவு சுலபமாக மாற்ற மாட்டார்கள். வசந்தாக்கா வேலூருக்குப் போவார். டீச்சர் தங்கைக்காகப் பொறுத்துக்கொண்ட பச்சைச் சுவருக்குள் தனியாக இருப்பார்.

துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"துணியை வெச்சிப் பாக்கலியா?" என்று டீச்சர் கேட்டார். அதற்குள் வசந்தாக்காவும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இல்லீங்க டீச்சர். இந்த ஹாலுக்கு நான் கர்ட்டன் தைக்கலை."

"ஏன்? துணி பத்தலியா?"

"துணி ஜாஸ்தியாவே இருக்குது. யாரும் உக்காராத ரூமுக்குக் கர்ட்டன் எதுக்குங்க?"

அவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் சொன்னது எதையும் நான் சொல்லவில்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். ஆனாலும் டீச்சருக்குக் கோபம் வந்தால் கடைக்கே வந்து முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போகிற ஆள் அவர்.

தெருவில் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டு அடங்கியது. முதலில் வசந்தாக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"என்னடி?" என்றார் டீச்சர்.

"கொசுன்னு சொன்னியேக்கா. கொசுவா இருந்தாக்கூட இந்தப் பச்சைல வந்து உக்காருமா?"

டீச்சர் தங்கையையே பார்த்தார். "அப்ப உனக்குப் பிடிக்கலியா?"

"உனக்குப் பிடிச்சிருக்குதுன்னு நினைச்சேன்."

"எனக்கா? இதா? கர்மம்" என்றார் டீச்சர். அப்புறம் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். குட்டு வாங்கியவர்கள் யாரும் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள். கீச்சுக் கீச்சென்று சின்னப் பெண் மாதிரி சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும், "அப்ப வெள்ளையே அடிச்சிடலாம்" என்றார்.

"வெள்ளை வேணாம்க்கா."

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

"தெரியலை. வெள்ளை வேணாம்னு தெரியும். பச்சை வேணாம்னு இப்பத் தெரியுது. உனக்கு மட்டும் என்ன, வெள்ளை அவ்ளோ பிடிக்குமா?"

டீச்சர் நாலு சுவரையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "சுவர்னா வெள்ளைதான்னு அப்பா சொல்வாரு. நான் யோசிச்சதே இல்லடி. உன்னை நான் கேட்கலைன்னு சொன்னே. என்னையும் யாரும் கேட்கலை."

எனக்கு அன்றுதான் தொழில் புரிந்த மாதிரி இருந்தது. அதுவரை அக்காவுக்கு ஒரு ரசனை, தங்கைக்கு ஒரு ரசனை, இரண்டுக்கும் சண்டை என்று நினைத்திருந்தேன். பார்த்தால் இரண்டு பேருமே அப்பாவின் வீட்டில்தான் இன்னும் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி அதிலிருந்து ஓடப் பார்த்தாள். தனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேருமே இன்னும் தேட ஆரம்பிக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஷேடு அட்டையை நீட்டி என்ன பிரயோஜனம்?

நான் சொன்னேன்: "எப்படியும் திருவிழா முடியறவரைக்கும் சாமான் வராது. பெயிண்டும் காயாது. எதுவும் வாங்காதீங்க, எதுவும் அடிக்காதீங்க. இப்படியே இருங்க. எது இல்லாம கஷ்டமா இருக்குதோ, அதை மட்டும் போய் எடுத்துக்கினு வாங்க. கஷ்டமா இல்லாதது அங்கேயே இருக்கட்டும்."

"இது என்னடி வைத்தியம்" என்றார் டீச்சர். ஆனால் கேட்டுக்கொண்டார்.

முதலில் வந்தது ரேடியோ. வசந்தாக்கா கூட்டத்துக்குள் புகுந்து, பழைய வீட்டிலிருந்து அதைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் ஊறுகாய் ஜாடி. அப்புறம் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு வாரம் போலக் கழித்து டீச்சர் கடைக்கே வந்துவிட்டார்.

"எனக்கு என் பெஞ்சு வேணும்."

டியூஷன் பெண்கள் உட்காருகிற நீளப் பெஞ்சு. பழைய வீட்டின் பின்பக்கத்தில் கிடந்தது. விருந்தாளி வந்தால் அதை உள்ளே தள்ளி மறைத்துவிடுவார்களாம். "அதுல காலை மடக்கிப் போட்டுக்கினு பேப்பர் திருத்தினாத்தான் எனக்குத் திருத்தின மாதிரி இருக்குது" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு.

நானும் அவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மாட வீதிக் கூட்டத்தில் அந்தப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அவரிடம் படித்த பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னார்கள். ஒரு போலீஸ்காரர், "என்ன டீச்சர், சாமி பாக்க சீட்டோடவே வந்துட்டீங்களா?" என்றார். "ஆமாம்பா, நீயும் ஒரு கை பிடி" என்றார் டீச்சர். அவர் நிஜமாகவே தட்டி வரைக்கும் வந்து தூக்கிவிட்டார். அங்கிருந்து ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் குறுக்காகப் போட்டு வேங்கிக்கால் கொண்டுபோனோம்.

அந்த நாட்களில் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன். பார்த்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டேன். வசந்தாக்கா நாள் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்பவர். வீட்டுக்கு வந்ததும் வெளியே பார்க்கிற இடமாகத் தேடித்தான் உட்காருவார். டீச்சர் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பவர். அவருக்கு உயரமான நாற்காலி வேண்டாம், சாய்ந்துகொள்ளச் சுவர் வேண்டும், காலை மடக்க இடம் வேண்டும். இரண்டு பேருக்கும் கண்ணில் படுகிற மாதிரி பெரிய பொருள் எதுவும் தேவைப்படவே இல்லை.

நிறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு காலை நேரம் போனபோது இருவரும் வழக்கம்போலப் பின்வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாய்ந்திருந்த சுவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மிச்சம் மீதி இருந்த சுண்ணாம்பில் துளி மஞ்சள் காவியைப் போட்டுக் கோவிந்தன் சும்மா இழுத்துவிட்டுப் போன சுவர் அது. பழுத்த விளாம்பழத்தை உடைத்து நீர்மோரில் கரைத்த மாதிரி, என்ன நிறம் என்று பெயர் சொல்ல முடியாது. அதில் சாய்ந்திருந்த இரண்டு முகமும் நன்றாக இருந்தன.

"நீங்க ரெண்டு பேரும் கலரை எப்பவோ எடுத்துட்டீங்க" என்றேன்.

"எங்க?" என்றார் டீச்சர்.

"சாய்ஞ்சிக்கினு இருக்கீங்களே."

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தாக்கா எழுந்து அதை உள்ளங்கையால் தடவினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

தீபம் முடிந்தது. தட்டியெல்லாம் பிரித்தார்கள். பழைய வீட்டுக்காரர் சாவியைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். நானும் அவர்களோடு போனேன். பூட்டிக் கிடந்த வீட்டில் கறுப்பு அலமாரியும் வட்ட மேஜையும் சாய்வு நாற்காலியும் தூசி படிந்து நின்றன. திருவிழா முழுக்க இவை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஒன்றுக்காகக்கூட யாரும் திரும்பி வரவில்லை.

அலமாரியும் மேஜையும் செங்கத்தில் சித்தப்பா வீட்டுக்கு என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. நாற்காலி முன்னால் வந்ததும் டீச்சர் நின்றுவிட்டார். முந்தானையால் அதன் கையைத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. "இதை எப்படிடி விட்டுட்டுப் போறது?" என்றார்.

எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்ல வசந்தாக்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது எனக்குத் தெரிந்தது. பச்சைச் சுவர் விஷயம் மறுபடியும் நடக்கப்போகிறது. நான் பேசலாமா என்று யோசித்தேன். இந்த முறை பேசக் கூடாது என்று தோன்றியது. அது அவர்களின் அப்பா.

அப்போது வசந்தாக்கா, "ஏன்க்கா, நீ இதுல எப்பனா உக்காந்திருக்கிறியா?" என்று கேட்டார்.

"சீ, அப்பா நாற்காலிடி."

"அவர் போனப்புறம்?"

டீச்சர் தலையாட்டினார். இல்லை.

"உக்காரு."

டீச்சர் தயங்கினார். பிறகு பயபக்தியோடு, நுனியில் உட்கார்ந்தார். மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். நாற்காலி அவரை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. கால் தரையை விட்டு மேலே போய்விட்டது. முதுகில் கட்டை இடித்தது. நீட்டியிருந்த கைகள் இரண்டும் அவரை இரண்டு பக்கமும் மடக்கிவிட்டன. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஐயோ, பிடிங்கடி. எப்படித்தான் இதுல உக்காந்தாரு அந்த மனுஷன்!"

ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். நின்ற வேகத்தில் டீச்சர் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பும் அழுகையுமாக என்னென்னவோ சொன்னார். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். அப்பா பாவம் என்றார். நமக்கு உயரம் கம்மி, அவர் ஆறடி என்றார். வசந்தாக்கா அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான் வேலூர் போகலைக்கா. நேத்தே சொல்லிட்டேன்" என்றார். அப்படி ஒரு பேச்சு இருந்ததே டீச்சருக்குத் தெரியாது. "வேலூருக்கு எதுக்குடி போறே?" என்று விழித்தார். நாற்காலி சித்தப்பாவுக்கே போனது. அவரும் உயரமான மனிதர்தான்.

ஹாலுக்கு அந்த விளாம்பழ நிறத்தை அடித்து முடித்த அன்று நான் மறுபடியும் துணியோடு போனேன். இந்தமுறை மெல்லிசான கைத்தறி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இரைச்சல் கேட்டது.

"பெஞ்சு ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கணும். எனக்கு வெளிச்சம் வேணும்" என்று வசந்தாக்கா.

"ஜன்னலுக்குக் கீழே போட்டா நான் எங்கடி சாயறது? சுவரோரம் தள்ளு" என்று டீச்சர்.

"ஹால் உன்னுதுன்னு சொன்னே இல்ல?"

"சொன்னேன். பெஞ்சு என்னுது!"

தரையில் பெஞ்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபடும் சத்தம் கேட்டது. எனக்கு இதுதான் வேண்டும், எனக்கு இது வேண்டாம் என்று இரண்டு பேரும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்து, சண்டை முடிகிறவரை சந்தோஷமாகக் காத்திருந்தேன்.